பொட்டு போன வழிகள்

ஆடுதுறைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். நான் சொல்வது எழுபதுகளின் கடைசியும் எண்பதுகளின் தொடக்கமும். அப்போது எங்கள் தெருவில் பூனை இல்லாத வீடு கிடையாது. ஆனால் பூனை வளர்க்கிறோம் என்று யாரும் சொன்னதும் கிடையாது. அது பாட்டுக்கு இருந்தது. எங்கள் வீட்டு ரேழியை ஒட்டிய அறையில் ஆளுயரத்துக்கு மேலே நின்றது பத்தாயம். சம்பா அறுப்பு முடிந்து தை பிறந்தால் நிறையும். அது நிறைந்த அன்றைக்கே எலிகளுக்கும் சேதி போய்விடும். ராத்திரி படுத்தால் பலகையைப் பல்லால் ராவுகிற சத்தம் தூங்கவிடாது. அதற்காகத்தான் பூனை.

"வயிறு நெறைய சோறு போட்டா எலி பிடிக்காது" என்பது அப்பாவின் கணக்கு. அதனால் காலையில் ஒரு கொட்டாங்குச்சியில் கொஞ்சம் பழைய சோறு, அதன்மேல் பால் காய்ச்சிய பாத்திரத்தைக் கழுவிய தண்ணீர். மீதியை அது வெளியே பார்த்துக்கொள்ள வேண்டும். அந்தக் கணக்கு ஊர் முழுக்க இருந்தது, இன்றும் பல இடங்களில் இருக்கிறது. பூனைக்குப் பசி வேறு, வேட்டை வேறு. வயிறு நிறைந்த பூனையும் எதிரில் ஒன்று அசைந்தால் பாயத்தான் செய்யும். அரைவயிற்றோடு விட்டால் அது இன்னும் தூரம் போகும், அவ்வளவே.

நான் நாலாவது படிக்கும்போது இருந்தது பொட்டு. உடம்பெல்லாம் வெள்ளை, இரண்டு கண்ணுக்கும் நடுவே கறுப்பாக ஒரு வட்டம். பெயர் வைத்தது நான். அதற்கு முந்திய பூனைகளுக்குப் பெயர் இருந்ததாக ஞாபகம் இல்லை.

ஒரு கோடை விடுமுறையில் நானும் தம்பியும் பொட்டு எங்கேதான் போகிறது என்று பார்க்க அதன் பின்னாலேயே கிளம்பினோம். முற்றத்துத் தூணைப் பற்றி ஏறித் தாழ்வாரத்து ஓட்டுக்குப் போயிற்று. நாங்கள் கொல்லை வழியாக ஓடினோம். அங்கிருந்து அடுத்த வீட்டு மாட்டுக்கொட்டகையின் கீற்றுக் கூரை, அப்புறம் வைக்கோல்போர். போருக்கு அடியில் நிழலில் தெருநாய்கள் படுத்திருந்தன. பொட்டு மேலேயே உட்கார்ந்து, அவை எழுந்து போகும்வரை காத்திருந்தது. பிறகு இறங்கிக் கிணற்றுச் சுவர்மேல் நடந்தது. கைப்பிடிச்சுவர் இடிந்து பாதிதான் நின்ற பழைய கிணறு அது. முந்திய வருஷம் ஒரு குட்டி அதில் விழுந்து, பெரியப்பா கூடையைக் கயிற்றில் கட்டி இறக்கி எடுத்திருந்தார். அப்புறம் வாய்க்கால் மதகு, மதகைத் தாண்டி ஒரு சந்து, சந்தின் முடிவில் கும்பகோணம் – மாயவரம் ரோடு.

ரோட்டுக்கு அந்தப் பக்கத்தில்தான் மீன்காரம்மா கூடையை இறக்கி உட்காருவார். தரங்கம்பாடிப் பக்கத்துக் கடல்மீன் பஸ்ஸில் வந்து சேரும். மத்தியும் காரப்பொடியும் ஆய்ந்து போடுகிற குடலும் செதிலும் ஊர்ப் பூனைகளுக்கு. பொட்டு ரோட்டோரப் புல்லில் வயிறு தரையில் பட உட்கார்ந்தது. காது இரண்டும் முன்னால். ஒரு லாரி போயிற்று, பிறகு ஒரு மாட்டுவண்டி. இதோ போகப்போகிறது என்று நாங்கள் நினைத்தபோது வளைவில் பஸ் ஹாரன் கேட்டது. திரும்பி வந்துவிடும் என்றுதான் எதிர்பார்த்தோம். அது நேரே முன்னால் பாய்ந்தது. பஸ் கடந்து போய்ப் புழுதி அடங்குகிற வரைக்கும் தம்பி என் கையைப் பிடித்த பிடி இன்னும் ஞாபகம் இருக்கிறது. அந்தப் பக்கம் மீன்கூடைக்குப் பின்னால் வாலை வீசிக்கொண்டு பொட்டு நின்றது.

வீட்டுக்கு ஓடிவந்து மூச்சிரைக்கச் சொன்னோம். அப்பாயி அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். "அது தெனம் போற வழிதானேடி" என்றார், முறத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

தினம் போகிற வழி. அந்த வழியில் எத்தனை எமன்கள் உட்கார்ந்திருந்தார்கள் என்பதை நாங்கள் அன்றைக்கு ஒரே நடையில் பார்த்தோம். பெரியவர்களில் யாரும் ஒருநாள்கூட அந்த வழியே நடந்து பார்த்ததில்லை. பூனைக்குக் காவல் தேவையில்லை, அதற்கு எல்லாம் தெரியும் என்ற நம்பிக்கை அவ்வளவு கெட்டியாக இருந்தது.

வெளியே போகிற பூனைக்கு ஆபத்து என்பது ஒரு பக்கம். அது வெளியே இருப்பவற்றுக்கு ஆபத்து என்பது இன்னொரு பக்கம். எங்கள் வாசல் திண்ணைக்கு மேல் உத்தரத்தில் ஒவ்வொரு அறுவடைக்கும் புதுக்கதிரைக் கொத்தாகக் கட்டித் தொங்கவிடுவார்கள், குருவிகளுக்கு. கூடத்தில் சாய்த்து மாட்டிய படங்களுக்குப் பின்னால் குருவிகள் வைக்கோலைத் திணித்துக் கூடு கட்டும். கூட்டைக் கலைத்தால் பாவம் என்று மின்விசிறியைக்கூடப் பார்த்துத்தான் போடுவார்கள். குருவிக்குக் கதிர் கட்டுகிற அதே வீட்டில்தான் அரைவயிற்றோடு ஒரு பூனையும் இருந்தது.

ஒருநாள் பொட்டு கதிருக்கு வந்த பெட்டைக்குருவி ஒன்றைக் கவ்விவிட்டது. நான் அலறியதில் போட்டுவிட்டு ஓடிற்று. குருவியைக் கையில் எடுத்தேன். ரத்தம் ஒரு சொட்டு இல்லை. ஒரு இறகு மட்டும் கோணியிருந்தது. உள்ளங்கையில் அதன் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. பனையோலைக் கொட்டானில் பஞ்சு வைத்துப் படுக்கப் போட்டு, இங்க் ஃபில்லரைக் கழுவி அதனால் தண்ணீர் சொட்டுவிட்டோம். ஒரு சொட்டை விழுங்கியது. பிழைத்துவிட்டது என்று நிம்மதியாகத் தூங்கினேன். காலையில் கொட்டானுக்குள் கால் இரண்டையும் நீட்டி விறைத்துக் கிடந்தது.

"பயத்துலயே உசுரு போயிருக்கும்" என்றார் அம்மா. வெகுகாலம் கழித்துத்தான் ஒரு கால்நடை மருத்துவர் எனக்கு விளக்கினார். பூனையின் பல் ஊசி. அது குத்திய துளை இறகுக்கு அடியில் கண்ணுக்கே தெரியாது. பூனையின் எச்சிலில் பாஸ்சுரெல்லா என்ற பாக்டீரியா சாதாரணமாக இருக்கும், அது சிறு பறவையின் ரத்தத்தில் கலந்தால் மருந்து கொடுக்காதவரை இரண்டொரு நாளில் கதை முடிந்துவிடும். பூனை வாயிலிருந்து மீட்ட பறவை பிழைத்துவிட்டது என்று நம்பி விட்டுவிடுகிற பிள்ளைகள் இன்றும் இருப்பார்கள்.

குருவிகள் குறைந்ததற்குப் பூனையை மட்டும் குற்றவாளியாக்குவது நியாயமல்ல. ஓட்டு வீடு போய் மாடி வீடு வந்தது, கூடு வைக்க இடுக்கு இல்லாமல் போனது, வயலில் மருந்தடித்துப் புழு பூச்சி போனது, இவையெல்லாம் பெரிய காரணங்கள். ஆனால் சில இடங்களில் பூனையே போதும். நியூசிலாந்தின் ஸ்டீபன்ஸ் தீவில் 1894-இல் கலங்கரை விளக்கம் வந்தபோது மனிதரோடு பூனையும் போய்ச் சேர்ந்தது. பறக்கத் தெரியாத சின்னஞ்சிறு குருவியினம் ஒன்று அந்தத் தீவில்தான் மிஞ்சியிருந்தது. அங்கே பெருகிய பூனைகள் சில ஆண்டுகளுக்குள் அந்த இனத்தையே இல்லாமல் செய்துவிட்டன. பூனைகள் பிடித்து வந்து போட்ட உடல்களை வைத்துத்தான் அப்படி ஒரு பறவை இருந்தது என்றே அறிவுலகத்துக்குத் தெரிந்தது. ஜெர்மனியில் வால்டோர்ஃப் என்ற ஊரில் 2022-இல், தரையில் கூடு கட்டும் கொண்டை வானம்பாடியின் குஞ்சுகளைக் காப்பாற்றுவதற்காக, ஊரின் ஒரு பகுதியில் ஆகஸ்ட் முடியும்வரை பூனைகளை வெளியே விடக்கூடாது என்று உத்தரவே போட்டார்கள். அதைப் படித்தபோது எனக்கு எங்கள் கூடத்துப் படங்கள்தான் கண்ணுக்கு முன் வந்தன.

பொட்டு பெட்டை. ஊருக்குப் பொதுவாக ஒரு கடுவன் திரிந்தது. சாம்பல் நிறம், பாதி காது கிழிந்தது, முகம் பானை மாதிரி உப்பியிருக்கும். அது ஓட்டின் மேல் வந்து கத்த ஆரம்பித்தால் குழந்தை அழுகிறதா பூனை கத்துகிறதா என்று தெரியாது. இரண்டே மாதத்தில் பொட்டு பத்தாயத்துக்குப் பின்னால் குட்டி போடும். பூனை குட்டியை ஏழு வீடு மாற்றும் என்பார்கள். ஏழாவது வீட்டுக்கு முன்பே குட்டிகள் ஒவ்வொன்றாகக் குறைந்துவிடும். ஒன்றைக் கடுவன் கடித்துப் போடும், ஒன்றை நாய் கவ்விப் போகும், ஒன்று எப்படிப் போயிற்று என்றே தெரியாது. தாய் இரண்டு நாள் ஒவ்வொரு மூலையாகப் போய்க் கூப்பிட்டுக்கொண்டிருக்கும். அப்புறம் மறுபடி ஓட்டின்மேல் அந்தக் கத்தல். கருத்தடை என்ற ஒன்று பூனைக்கும் உண்டு என்பது அன்று எங்கள் ஊரில் எவர் கற்பனையிலும் இல்லை. இருந்திருந்தால் பொட்டுவின் பாதி அலைச்சல் அதோடு நின்றிருக்கும்.

கடுவன் கடித்த புண் மேலே சட்டென்று மூடிக்கொள்ளும், உள்ளே சீழ் கோர்க்கும். பொட்டுவின் வாலடியில் எலுமிச்சம்பழ அளவுக்கு வீங்கியிருந்த ஒன்றுக்கு அப்பாயி மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் போட்டார். அது தானாக உடைந்து ஆறியது. எல்லாக் கடியும் அப்படி ஆறுவதில்லை. பூனைகளின் எதிர்ப்புச் சக்தியையே தின்றுவிடும் ஒரு வைரஸ் முக்கியமாகச் சண்டைக் கடி வழியாகத்தான் ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போகிறது. மனிதருக்கு அது ஒட்டாது என்பது ஆறுதல்.

மனிதருக்கு ஒட்டுகிறதும் உண்டு. ஒரு பங்குனியில் ஊருக்குள் வெறிநாய் ஒன்று புகுந்து ஆட்டுக்குட்டிகளைக் கடித்துவிட்டுப் போனது. மறுநாள் பொட்டு பின்னங்காலில் ரத்தத்தோடு வந்தது. லீவுக்கு வந்திருந்த சித்தி மகன் பாவப்பட்டுத் தூக்கப்போக, வலியில் அது அவன் முழங்கையைக் கடித்துவிட்டது. எந்த நாய் கடித்தது, வெறிநாயா வேறு நாயா என்று யாருக்கும் தெரியாது. அதுதான் கொடுமை. பூனை வெளியே போய் என்ன பட்டுக்கொண்டு வந்தது என்பதை அது சொல்லாது. சித்தி அழுதுகொண்டே அவனைக் கும்பகோணத்துக்குக் கூட்டிப்போனார். தொப்புளைச் சுற்றித் தினம் ஒரு ஊசி. ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த அந்தப் பழைய மருந்தை நம் நாட்டில் 2004-ஓடு நிறுத்தினார்கள். இப்போது கையிலேயே போட்டுவிடுகிறார்கள். அன்று அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தபடியே திண்ணையில் உட்கார்ந்திருப்பான். விடுமுறை முழுக்க அவன் விளையாடவே இல்லை. பொட்டுவுக்கு ஒன்றும் ஆகவில்லை. பூனைக்கும் வெறிநாய்க்கடித் தடுப்பூசி போடலாம் என்று எங்களுக்குச் சொல்ல ஆளில்லை.

வயலில் எலி பிடிக்க அந்த நாளில் கிட்டி வைப்பார்கள். மூங்கிலை வில்லாக வளைத்துக் கட்டிய பொறி. தஞ்சாவூர்க் கிட்டி என்று அதற்குப் பேரே உண்டு. பொழுது சாய ஒரு பெரியவர் தோளில் கட்டுக்கட்டாகக் கிட்டியோடு வரப்பில் போவார், விடிகாலையில் எலிகளோடு திரும்புவார், எலிக்கு இவ்வளவு என்று கூலி. அவருக்குத் தள்ளாமை வந்தபோது கறுப்புப் பொடி வந்தது. ஜிங்க் பாஸ்பைடு. குருணை தொண்ணூற்றாறு பங்கு, எண்ணெய் இரண்டு, பொடி இரண்டு என்று கலந்து பொட்டலம் கட்டி வளை வாயில் வைப்பார்கள். எலியின் வயிற்று அமிலத்தில் அது பட்டதும் பாஸ்பீன் என்ற விஷவாயு கிளம்பும். மருந்து தின்ற எலி உடனே செத்துவிடாது. தள்ளாடும், வெட்டவெளிக்கு வரும், ஓடத் தெரியாமல் நிற்கும். பூனைக்கு அதைவிடச் சுலபமான இரை வேறென்ன இருக்கிறது?

அது ஐப்பசி. மூன்று நாளாக அடைமழை. ஓட்டு இடுக்கில் ஒழுகுகிற இடமெல்லாம் அம்மா பாத்திரம் வைத்திருந்தார். மதியம் பொட்டு நனைந்து வந்தது. கொட்டாங்குச்சிப் பக்கம் போகவில்லை. சுவரை ஒட்டியே நடந்து பத்தாயத்துக்குப் பின்னால், குட்டி போடுகிற அதே இடத்துக்குப் போய்ப் படுத்தது. நான் அரிக்கேன் விளக்கைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தேன். வாயோரம் நுரை. விலா இரண்டும் உள்ளே போய்ப் போய் வந்தன. பக்கத்தில் கறுப்பாகக் கொஞ்சம் வாந்தி. அப்பாயி முட்டி போட்டுக் கிட்டே வந்து மோந்தார். "பூண்டு நாத்தமால்ல அடிக்குது" என்றார். ஜிங்க் பாஸ்பைடின் வாசனை அது. அப்பா குடையை எடுத்துக்கொண்டு மாட்டாஸ்பத்திரிக்குப் போய், இதற்கு மாற்று மருந்து கிடையாதாம் என்ற பதிலோடு திரும்பினார். அது உண்மைதான், இன்றைக்கும் அந்த விஷத்துக்கென்று முறிவு மருந்து இல்லை. எலியின் ரத்தத்தை உறையவிடாமல் செய்து கொல்கிற பிந்தைய மருந்துகளுக்காவது, வேளையோடு கொண்டுபோனால், வைட்டமின் கே ஊசி உண்டு.

விளக்கு வைப்பதற்குள் பொட்டு போய்விட்டது. தம்பி அதன் நெற்றி வட்டத்தை ஒரு விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். அப்பா மழையிலேயே தென்னைக்கு அடியில் குழி வெட்டினார்.

அன்று ராத்திரி அப்பாயி ஒன்று சொன்னார். "நம்ம வூட்டுல பூனை செத்து நான் பாத்ததே இல்ல. பூனை சாவை மனுசங்களுக்குக் காட்டாது. நேரம் வந்துருச்சுன்னா வெளியேறிப் போயிரும். இது என்னமோ வந்து வூட்டுல செத்துருக்கு." அவர் அதை ஒரு அபசகுனமாகத்தான் சொன்னார். அந்த வயசிலேயே அது என்னை உறுத்தியது. உயிர் போகிற நேரத்தில் பொட்டு மழையில் அவ்வளவு தூரம் நடந்து வீட்டுக்குத்தான் வந்தது. அப்படியானால் முந்தியவை? பொட்டுவின் தாய், அதற்கு முந்திய கறுப்பு, அம்மா வாழ்க்கைப்பட்டு வந்தபோது இருந்த மஞ்சள் கடுவன், எல்லாமே ஒருநாள் போனவை திரும்பவில்லை. அவை சாவதற்காகப் போகவில்லை. போன இடத்தில் செத்தன. அடிபட்டும், கடிபட்டும், விஷம் தின்றும், வயசாவதற்கு வெகு முன்பே. எங்கள் தெருவில் கிழட்டுப் பூனை என்று ஒன்றை நான் பார்த்ததே இல்லை. வீட்டுக்குள் வளர்கிற பூனை பதினைந்து வயது வரை சாதாரணமாக வாழும், இருபதைத் தொட்டவையும் உண்டு. காணாமல் போனதற்கெல்லாம் காரணம் தேடாமல் இருக்க ஊருக்கு ஒரு பழக்கம் தேவைப்பட்டது. பூனை சாவைக் காட்டாது என்பது அந்தப் பழக்கத்தின் பெயர்.

இப்போது அந்த வீட்டில் தம்பி இருக்கிறான். பத்தாயத்தை விற்றாகிவிட்டது. நெல் களத்திலிருந்தே கொள்முதல் நிலையத்துக்குப் போகிறது. வயலில் எலிக்குப் பனைமட்டையைத் தலைகீழாக நட்டு வைக்கிறான், ராத்திரியில் ஆந்தை வந்து உட்கார்ந்து வேலையைப் பார்த்துக்கொள்கிறது. ஆனாலும் சுற்று வயல்களில் மருந்து நிற்கவில்லை. ரோட்டில் வண்டிகள் பெருகி, ராத்திரியிலும் இடைவெளி இல்லை. போன மாதம் அவன் மகள் பள்ளிக்கூட வாசலிலிருந்து ஒரு பெட்டைக் குட்டியைத் தூக்கி வந்திருக்கிறாள். போனில் நாங்கள் பேசியது முழுக்க அதைப் பற்றித்தான்.

"அடைச்சு வெக்க மனசு வரலக்கா. வாசக்கதவத் தொறந்தாலே ஓடுது."

"ஓடத்தான் செய்யும். வெளிய ஓடுறதுக்குப் பதிலா உள்ள ஓடவிடு. ஏறி உக்கார உசரமா ரெண்டு பலகை அடி. நகம் ராவக் கயிறு சுத்தின கட்டை ஒண்ணு. சாயங்காலம் பாப்பாவ அரைமணி அதோட விளையாடச் சொல்லு."

"கத்துதேக்கா."

"குட்டியிலயே பழக்கிட்டா கத்தாது. வெளிய பழகினப்புறம் அடைச்சாத்தான் மாசக்கணக்கா கத்தும்."

சுலபம் என்று நான் சொல்லவில்லை. மண்தட்டை நாளுக்கு இரண்டு தரம் சுத்தம் செய்யாவிட்டால் வீடு நாறும். துணையில்லாத பூனை சலித்துப்போய்த் திரைச்சீலையைக் கிழிக்கும். கதவைத் திறக்கிற ஒவ்வொருவரும் காலடியைப் பார்க்க வேண்டும். கூட்டுக்குடும்பத்து வீட்டில் அது பெரிய ஒழுங்கு. ஆனால் பூனை கேட்கிற வெயிலும் காற்றும் கிடைக்க எங்கள் வீட்டிலேயே ஓர் இடம் இருக்கிறது, முற்றம். அங்கே வானம் உண்டு, துளசிமாடம் உண்டு, மழை பெய்தால் பார்க்கலாம். மேலே ஓட்டுக்கு ஏறுகிற தூண்தான் பிரச்சினை.

தம்பி அதைப் பிடித்துக்கொண்டான். முற்றத்தின் மேல்வாய் முழுக்க இரும்புச் சட்டத்தில் வலை அடித்துவிடலாம் என்றான், குரங்குக்கும் ஆச்சு. அரை அங்குலக் கண் உள்ள வலையா முக்கால் அங்குலமா என்று கேட்டான். அரை அங்குலம் என்றேன், குட்டியின் தலை நுழையாது. ஓரத்துக் கம்பி முனைகளை மடக்கி அடிக்கச் சொன்னேன், குருவி வந்து உட்கார்ந்தால் கால் மாட்டக்கூடாது. தடுப்பூசிக்கு வருகிற வியாழன், கருத்தடைக்கு ஆறாவது மாதம். அதற்குள் வலை முடிந்துவிட வேண்டும் என்றேன். வெல்டிங்காரர் ஐப்பசி மழைக்கு முன்னால் வருவதாகச் சொல்லியிருக்கிறாராம்.